சரீரத்தைப் பேணுகிறோமா, சேவிக்கிறோமா?

வேத வாசிப்பு: 2 சாமுவேல் 14:25-26; எஸ்தர் 2:12, 4:16; ஏசாயா 38, 39; 1 தீமோத்தேயு 4:8

மேலே உள்ள பகுதிகளை முதலில் வாசித்துவிடுங்கள். வேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்தப் பாடத்தைத் தொடருங்கள்.

இந்த மாதப் பாடத்தை ஒரு சாட்சியோடு தொடங்குகிறேன். ஜெயித்த சாட்சி அல்ல, தோற்ற சாட்சி. எனக்கு 44 வயதானபோது இரத்தப் பரிசோதனையில் சுகர் என்று வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தினமும் நடக்கச் சொன்னார். நல்ல ஆலோசனைதான். என் தம்பி கையில் கட்டும் ஒரு கடிகாரம் வாங்கித் தந்தான். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், இருதயம் எத்தனை முறை துடித்தது, எல்லாம் அதில் தெரியும். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று அதிலேயே இலக்கு வைத்திருந்தார்கள்.

மூன்று மாதத்தில் சுகர் குறைந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்! ஆனால் கூடவே வேறொன்றும் குறைந்தது. அதிகாலை 5 மணி ஜெபம் அரை மணியானது, பிறகு பத்து நிமிஷமானது. எழுந்ததும் கை வேதத்தைத் தேடவில்லை, கடிகாரத்தைத் தேடியது.

அந்த வருஷம் அம்மா மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஒரு ராத்திரி மணி பதினொன்றரை. என் கடிகாரத்தில் 8,600 என்று காட்டியது. அம்மா கண் மூடியிருந்தார்கள். நான் மெதுவாக எழுந்து வராந்தாவுக்குப் போய் மேலும் கீழுமாக நடந்தேன். கணக்கு முடிந்ததும் கடிகாரம் கையில் அதிர்ந்து, வாழ்த்துச் சொல்லி, வெளிச்சம் காட்டியது. உள்ளே வந்தேன். அம்மா விழித்திருந்தார்கள். "எங்கேப்பா போயிட்டே? ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லலாம்னு பார்த்தேன்" என்றார்கள். நான் வேதத்தை எடுப்பதற்குள் மறுபடியும் தூங்கிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

பிரியமானவர்களே, நான் குடிக்கப் போகவில்லை, சினிமாவுக்குப் போகவில்லை. ஆரோக்கியத்துக்காக நடக்கத்தான் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்ட காரியம் வாசலில் வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். நல்ல காரியம் எஜமானாக உட்காரும்போதோ தெரிவதில்லை. இதை மூன்று தலைப்புகளில் தியானிப்போம்: அளவு, அழகு, ஆயுசு.

1. அளவு: நிறுத்துப் பார்த்த தலைமயிர்

வேதத்தில் தன் சரீரத்தை அளந்து பார்த்த ஒரு மனிதன் உண்டு. அவன் பெயர் அப்சலோம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவனிடத்தில் ஒரு குறையும் காணவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தலைமயிரைக் கத்தரிப்பான், அதை நிறுத்துப் பார்ப்பான். ராஜாவின் நிறையின்படி 200 சேக்கல், அதாவது ஏறக்குறைய 2 கிலோ! வெட்டின மயிரை யாராவது நிறுப்பார்களா? நிறுத்தான். எண்ணிக்கை தெரிந்தால்தான் அவனுக்குத் திருப்தி. அதே அப்சலோம் தகப்பனுடைய வேதனையை நிறுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் கர்வாலி மரத்தில் மாட்டிக்கொண்டது அவன் தலைதான் (2 சாமு. 18:9).

இன்றைக்கு நம்மில் அநேகருக்கு எடை ஒரு எண், தூக்கம் ஒரு எண், சாப்பாடு ஒரு எண். இந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று பின்னாலே தேடிப் படித்தேன். 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரின் அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. ஒரு விற்பனைப் பெயர் உலகத்துக்கே கட்டளையாகிவிட்டது! 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் மரணம் குறைவாக இருந்தது. 7,500-க்குமேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் என் கடிகாரம் காட்டிய கணக்கே போதுமானதற்கு மேலே இருந்தது. ஒரு மிஷினைத் திருப்திப்படுத்தத்தான் வராந்தாவில் நடந்தேன்.

சுத்தமான உணவைப் பற்றியே இரவும் பகலும் நினைத்து அதனாலேயே நிம்மதி இழக்கும் நிலைக்கு, 1997-ல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் 'ஆர்த்தோரெக்ஸியா' என்று பெயர் வைத்தார். தூக்கத்தை அளக்கும் கருவியைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெடுகிறவர்களைப் பற்றி 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதி, அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நல்லதைத் தேடப் போய் அதற்கே அடிமையாவது இதுதான். கவலைப்பட்டு ஒருவனும் தன்னைக் கூட்டிக்கொள்ள முடியாது என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது (மத். 6:27) இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

2. அழகு: பன்னிரண்டு மாதமும் மூன்று நாளும்

எஸ்தர் ராஜாவுக்கு முன் போகுமுன் பன்னிரண்டு மாதம் அலங்கரிப்பு நடந்தது. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்த வர்க்கங்கள். வேதம் அதை மறைக்கவில்லை, பழிக்கவும் இல்லை. ஆனால் ஜனத்தின் உயிர் ஊசலாடின நாளில் எஸ்தர் கேட்டது என்ன? தைலம் அல்ல, மூன்று நாள் உபவாசம். பன்னிரண்டு மாதத் தைலம் அவளை அரமனைக்குள் கொண்டுபோனது. மூன்று நாள் உபவாசமோ ஜனத்தை மரணத்திலிருந்து மீட்டது. ராஜவஸ்திரம் உடுத்திக்கொண்டுதான் போனாள் (எஸ்தர் 5:1), அதில் தவறில்லை. அவள் நம்பிக்கை வஸ்திரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு விசுவாசக் குடும்பம். மகளுக்கு 23 வயது, ஞாயிறு பள்ளி ஆசிரியை. பெண் பார்க்க வந்தவர்களும் விசுவாசிகளே. ஜெபித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள், ஜெபித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மறுநாள் சொல்லியனுப்பினார்கள்: "பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம்..."

அந்தப் பிள்ளை யாருக்கும் சொல்லாமல் லேபிள் இல்லாத டப்பாவில் வந்த ஒரு சிகப்பழகு க்ரீமை வாங்கிப் பூசினாள். நாலு மாதத்தில் முகம் வெளுத்தது, கால் வீங்கியது. சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "முகத்துக்கு என்னம்மா போடுறே?" என்பதுதான். க்ரீமை நிறுத்தி, சிகிச்சை எடுத்து, கர்த்தருடைய கிருபையால் இன்று சுகமாயிருக்கிறாள்.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டி கெட்டுப்போய் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகு க்ரீம் பூசினவர்கள். காரணம் பாதரசம். தோலில் கறுப்பு நிறம் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் முகம் வெளுப்பது போலத் தெரியும். ஆனால் அது தோல் வழியாக இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். எல்லா க்ரீமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானம் எதுவும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

1975-ல் இந்தியக் கடைகளுக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. நிறத்தைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் துறையின் தர நிர்ணய அமைப்பு 2014-லேயே விதி வகுத்தது. வியாபாரிகளே வார்த்தையை மாற்றிவிட்டார்கள். நாம் மாற்றினோமா?

அந்தப் பிள்ளையின் தாயார் என்னிடம் கேட்டார்கள்: "பாஸ்டர், கறுப்பாப் பிறந்தது குத்தமா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நம் சபையின் திருமணத் தகவல் படிவத்திலேயே 'நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் படிவத்தை அச்சடிக்கக் கொடுத்தவன் நான். தாவீதின் வீட்டிலே சாமுவேல் தீர்க்கதரிசியே முகத்தைப் பார்த்து ஏமாறப் பார்த்தார், கர்த்தர் தடுத்தார் (1 சாமு. 16:7). உன்னதப்பாட்டின் மணவாட்டி தன் கறுப்பையும் தன் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள் (உன். 1:5). நம் இரட்சகரையோ, பார்த்தவுடன் விரும்பத்தக்க ரூபம் இல்லாதவராக ஏசாயா காண்கிறார் (ஏசா. 53:2). தேவபிள்ளையே, அவர் உன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்திருந்தால், அவரையும் நிறம் பார்த்து அனுப்பியிருப்பாயோ?

3. ஆயுசு: கூட்டிக்கொடுத்த பதினைந்து வருஷம்

அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் என்ற கோடீஸ்வரர் இருக்கிறார். 'சாகாதே' என்பதுதான் அவருடைய கொள்கை. வயதைக் குறைக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் செலவு செய்கிறார் என்று பத்திரிகைகளில் வந்தது. 2023-ல் 17 வயதுள்ள தன் மகனுடைய இரத்தத்தின் பிளாஸ்மாவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். பிற்பாடு, அதனால் பயன் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே சொல்லி நிறுத்திவிட்டார். இப்படி இளைஞருடைய பிளாஸ்மாவை ஏற்றுவதற்கு நிரூபிக்கப்பட்ட நன்மை இல்லை என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-லேயே எச்சரித்திருந்தது.

அவரைப் பரிகாசம் பண்ண வேண்டாம். சாவைப் பார்த்துப் பயப்படும் ஓர் ஆத்துமா அது. நம்மிடம் அத்தனை டாலர் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது.

எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதான். கர்த்தர் கேட்டார், 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கவும் சொல்லப்பட்டது (ஏசா. 38:21). ஜெபமும் இருந்தது, மருந்தும் இருந்தது, கவனியுங்கள். சரி, கிடைத்த வருஷங்களில் என்ன நடந்தது? சுகமான செய்தி கேட்டு பாபிலோனிலிருந்து ஸ்தானாபதிகள் வந்தார்கள். எசேக்கியா சாட்சி சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை. பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினான். அந்த வருஷங்களில் பிறந்த மனாசே 12 வயதில் ராஜாவாகி (2 இரா. 21:1) தேசத்தைப் பாவத்துக்குள் நடத்தினான். ஆயுசு கூடுவது ஆசீர்வாதம்தான். கூடின ஆயுசை எதற்குச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் சரீரத்தை அலட்சியம் பண்ணலாமா?

கூடாது! மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. சுகர், பிரஷர் உள்ளவர்கள் ஒருநாளும் தாங்களாகவே மருந்தை நிறுத்தவேண்டாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு ஆலோசனை எழுதினார் (1 தீமோ. 5:23). துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார் (2 தீமோ. 4:20). வியாதிப்பட்டவன் விசுவாசம் குறைந்தவன் என்று அவனைத் தள்ளிவிடவில்லை. சரீரப் பயிற்சியில் கொஞ்சம் லாபம் உண்டென்று பவுல் ஒத்துக்கொள்கிறார். தேவபக்தியின் லாபமோ இந்த வாழ்க்கையோடு நின்றுவிடாமல் வரப்போகிற வாழ்க்கைக்கும் நீள்கிறது (1 தீமோ. 4:8). 'சரீரம் ஆலயம்' என்று சொல்லி அழகுக்கும் உடற்கட்டுக்கும் ஆதாரம் காட்டுகிறவர்கள் 1 கொரிந்தியர் 6-ம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அங்கே பேச்சு பரிசுத்தத்தைப் பற்றியது, நம்மை விலைகொடுத்து வாங்கினவரைப் பற்றியது. ஆலயத்தைப் பெருக்கி வைப்போம், விளக்கேற்றுவோம். ஆலயத்தையே கும்பிடமாட்டோம்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

நடவுங்கள். முடிந்தால் தனியாக நடக்காமல், படுக்கையில் இருக்கும் ஒரு விசுவாசியின் வீடு வரைக்கும் நடந்துபோய், ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

காலையில் எதை முதலில் தொடுகிறீர்கள் என்று ஏழு நாள் கவனியுங்கள்.

வீட்டில் பிள்ளைகளின் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். தாத்தா பாட்டிமாரே, இது உங்களுக்கும்தான்.

நம் திருமணத் தகவல் படிவத்திலிருந்த 'நிறம்' என்ற கட்டத்தை மூப்பர்களோடு பேசி எடுத்துவிட்டோம். புதிய படிவம் சபை அலுவலகத்தில் இருக்கிறது. பழையதை யாரும் உபயோகிக்க வேண்டாம்.

நான் இன்றும் நடக்கிறேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன். அந்தக் கடிகாரம் மேஜை டிராயரில் இருக்கிறது. காலையில் நடக்கும்போது, அம்மாவுக்கு அன்று வாசித்துக் காட்டாமல் போன சங்கீதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். எத்தனை அடி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்போது மனது நிறைந்திருக்கிறது.

ஜெபிப்போம்: எங்களை உருவாக்கின பிதாவே, நீர் தந்த சரீரத்துக்காக ஸ்தோத்திரம். அதை நன்றியோடு பேணவும், அதற்கு அடிமையாகாமல் இருக்கவும் கிருபை தாரும். எங்கள் வார்த்தையால் காயப்பட்ட பிள்ளைகளை ஆற்றும். வியாதிப்படுக்கையில் இருப்பவர்களைத் தொடும். எங்களுக்கு மீந்திருக்கும் நாட்களை உமக்காகச் செலவழிக்கக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.