காற்புள்ளியும் கிணற்று நீரும்

ஓர் அட்டவணையைக் கணிப்பொறியில் வெறும் எழுத்துக் கோப்பாக வைக்கும்போது, கட்டத்தைக் கட்டத்திலிருந்து பிரிக்க ஏதேனும் ஒரு குறி வேண்டும். பெரும்பாலோர் காற்புள்ளியை இடுகின்றனர். யானும் அதையே இட்டேன். அதனால் நல்ல கிணறு ஒன்றை ஆகாத கிணறு என்று எழுதிவிட்டேன்.

பிழைப்பு நாடி நெய்யாற்றின்கரைக்கு வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. முதுகலை ஆய்வுக்காகப் பாறசாலைப் பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்தேன். எண், வீட்டுப் பெயர், ஊர், ஆழம், பி.எச். அளவு என வரிக்கு ஐந்து கட்டங்கள். ஒரு வரி இது:

14,மேலேவிளை, கிழக்குப்புறம்,பாறசாலை,9,6.6

வீட்டுப் பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி! ஐந்து கட்டங்கள் ஆறாயின. நான் எழுதிய நிரலோ முதல் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டது, முறையிடவும் இல்லை. ஆழமாகிய 9 மீட்டர், பி.எச். 9 ஆயிற்று. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்பது 6.5 முதல் 8.5 வரை. அவ்வீட்டு மூதாட்டியிடம் தண்ணீர் ஆகாது என்றேன். “அப்போ இத்தனை காலமும் நாங்க குடிச்சது என்ன மக்களே?” என்று கேட்டார். இரண்டு நாள் அண்டை வீட்டிலிருந்து சுமந்தார்கள். வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றே அமிலமாக இருக்குமே என்ற ஐயம் எழுந்த பின்தான் கோப்பைத் திறந்து பார்த்தேன்.

வேறு குறி கொள்ளலாமா? தசமத்துக்கே காற்புள்ளி இடும் ஐரோப்பிய நாடுகளில் அரைப்புள்ளியால் பிரிப்பர். நமக்கும் 1,25,000 என்று எழுதும் வழக்கம் உண்டு. டேப் குறி மேலானது. எனினும் சில எழுதிகள் அதை வெற்றிடங்களாக மாற்றிவிடும். அஸ்கி குறியீட்டில் 28 முதல் 31 வரை நான்கு எண்கள் பிரிப்பதற்கென்றே உள்ளன. ஆனால் அவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லை. திரையிலும் ஒழுங்காகத் தெரிவதில்லை. பாவம், யாரும் சீண்டுவதில்லை.

எக்குறியைத் தேர்ந்தாலும் அது என்றேனும் செய்திக்குள் நுழையக்கூடும். ஆகவே, குறி மட்டும் போதாது. காக்கும் விதியும் வேண்டும். 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் கூறும் வழி எளிது. காற்புள்ளியோ வரிமுறிவோ மேற்கோளோ உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்:

14,"மேலேவிளை, கிழக்குப்புறம்",பாறசாலை,9,6.6

உள்ளே மேற்கோளே வந்தால் அதை இருமுறை இட வேண்டும். பின்சாய்கோட்டை முன்னிட்டுக் காப்பது மற்றொரு முறை. அங்கே பின்சாய்கோடு செய்தியில் வந்தால் அதற்கு முன்னும் ஒன்று இட வேண்டும். காவலனுக்கும் காவல்! இரண்டு முறைகளையும் ஒரே கோப்பில் கலந்தால் படிக்கும் நிரல் தடுமாறும்.

காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும் நிரலை இப்போது விட்டுவிட்டேன். பைத்தானில் இதற்கென்றே உள்ள சி.எஸ்.வி. கருவி மேற்கோளை அறிந்து பிரிக்கிறது. கட்டங்கள் ஐந்துக்குக் கூடினாலும் குறைந்தாலும் வரி எண்ணைக் காட்டி நிற்குமாறு செய்தேன். முதல் ஓட்டத்திலேயே மேலும் மூன்று வரிகள் அகப்பட்டன.

மறுநாள் மூதாட்டியிடம் பிழையைச் சொல்லி, அக்கிணற்று நீரை ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.