கணினி ‘காணவில்லை’ என்றால் எங்கே தேடுவது?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் புதிதாக உபுண்டு நிறுவியதும் மேல்நிலை மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் செய்தி ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. “சார், சிஸ்டம் ரிப்பேர்” என்று ஒரு குரல் எழும். அந்தப் பாடவேளை அதோடு போய்விடும்.

அச்செய்தி பழுதைக் குறிப்பதில்லை. நாம் தட்டிய பெயரை ஷெல் என்னும் நிரல் குறிப்பிட்ட சில கோப்புறைகளில் மட்டுமே தேடுகிறது. அந்தப் பட்டியலின் பெயர் பாத். எக்கோ என்று தட்டி, இடைவெளி விட்டு, டாலர் குறியுடன் பாத் என்பதைப் பெரிய எழுத்துகளில் தட்டினால் கோப்புறைகள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுத் திரையில் வரும். அவற்றுள் எதிலும் அப்பெயரில் நிரல் இல்லை என்பதே செய்தியின் பொருள்.

சி++ செய்முறையில் இதை நேராகவே காட்டலாம். மாணவர் ஜி++ கொண்டு நிரலை கம்பைல் செய்கிறார், பிழை ஏதுமில்லை. எல்எஸ் தட்டினால் ஏ.அவுட் என்ற கோப்பு பட்டியலில் தெரிகிறது. ஆனால் ஏ.அவுட் என்று தட்டினால் ‘காணவில்லை’ என்கிறது! கண்ணெதிரே இருப்பதைக் காணோம் என்றால் குழம்பத்தான் செய்வார்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரம் நாம் நிற்கும் கோப்புறையையும் தேடும். உபுண்டுவின் பாத் பட்டியலில் அது இராது. பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டால் ‘இங்கிருப்பதை இயக்கு’ என்று பொருள். இந்த ஏற்பாடு பாதுகாப்புக்காக. எவரேனும் ஒரு கோப்புறையில் எல்எஸ் என்ற பெயரில் தீய நிரலை வைத்திருந்தாலும், நாம் அறியாமல் அது இயங்கிவிடாது. விடையை உடனே சொல்லாமல், பாத் பட்டியலைக் காட்டி ஐந்து நிமிடம் யோசிக்க விடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தானில் சிக்கல் வேறு. உபுண்டு 20.04 முதல் பைத்தான் என்று மட்டும் தட்டினால் கிடைக்காது. பைத்தான்3 என்று எண்ணையும் சேர்க்க வேண்டும். முதல் எழுத்து பெரியதாக இருந்தாலும் கிடைக்காது. கைப்பேசிப் பழக்கம் இங்கே எட்டிப்பார்க்கும்.

நிரல் உண்மையிலேயே நிறுவப்படாமலும் இருக்கலாம். அப்போது உபுண்டு செய்தியோடு நிறுவும் கட்டளையையும் தருகிறது. மாணவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகச் சொன்னதையெல்லாம் நிறுவவும் கூடாது. எல்எஸ் என்பதை எஸ்எல் என்று மாற்றித் தட்டினால் எஸ்எல்லை நிறுவலாம் என்று பரிந்துரைக்கும். நிறுவி இயக்கினால் எழுத்துகளால் ஆன நீராவி ரயில் ஒன்று திரையில் ஓடும். வகுப்பே சிரிக்கும், கோப்புப் பட்டியல் மட்டும் வராது.

ஜி++ இல்லையெனில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ போதும். புதுக் கணினி இதற்கும் ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்று மறுத்தால், மென்பொருள் தொகுதிகளின் பட்டியல் இன்னும் இறங்கவில்லை என்று கொள்ளலாம். முதலில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் மறுத்தால் தொகுதியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இவற்றுக்கு இணைய இணைப்பு தேவை என்பதால் செய்முறை வகுப்புக்கு முதல் நாளே முடித்து வைப்பது நல்லது.