மின் ரூபாயும் கிராமக் கடன் வசதியும்

ரூபாய் நோட்டு என்பது ரிசர்வ் பாங்கு பொறுப்பேற்று வெளியிடும் பணம். அது காகிதத்தில் இல்லாமல் கைப்பேசியில் இருக்குமாயின் அதுவே மின் ரூபாய். 2022-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்குச் சட்டம் திருத்தப்பெற்று, மின்வடிவ நோட்டுக்கும் இடம் அளிக்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, பொதுமக்களுக்கான சோதனை மும்பை, டில்லி, பெங்களூர், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தொடங்கிற்று.

யு.பி.ஐ. முறை இருக்கையில் இஃது எதற்கு என்று வினவலாம். யு.பி.ஐ. முறையில் பாங்குக் கணக்கிலுள்ள தொகையே கைமாறுகிறது. அத்தொகை பாங்கு நமக்குத் தரவேண்டிய கடன். மின் ரூபாயோ ரிசர்வ் பாங்கே நேரில் பொறுப்பேற்கும் பணம்.

இவ்வேற்றுமையின் விளைவு கிராமம் வரை எட்டக்கூடியது. நெல் விற்ற ஒருவர் ரூ.50,000-ஐப் பாங்கில் போடுகிறார் எனக் கொள்வோம். ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, மிச்சத்தைப் பாங்கு பிறருக்குக் கடன் தரப் பயன்படுத்துகிறது. பயிர்க்கடனுக்கும் கறவை மாட்டுக் கடனுக்கும் இத்தகைய டெபாசிட்டுகளே ஆதாரம். ஊரார் யாவரும் தம் சேமிப்பை மின் ரூபாயாக மாற்றிக்கொண்டால், கடன் தரும் பணம் சுருங்கும். அல்லது பாங்கு அதிக வட்டி கொடுத்து டெபாசிட்டு திரட்ட நேரும். அச்சுமை கடன் வாங்கும் விவசாயியின் தலையிலேயே விழும். ஒரு பாங்கைப் பற்றி வதந்தி எழுந்தால், மக்கள் வரிசையில் நில்லாமலே நொடியில் பணத்தை மாற்றிவிடவும் கூடும்.

இவ்வபாயத்தைக் குறைக்கவே மின் ரூபாய்க்கு வட்டி அளிக்கப்படவில்லை. பாங்குகள் வழியாகவே அது மக்களுக்கு வழங்கப்படுகிறது. 2020-இல் பகாமாஸ் நாடு வெளியிட்ட சாண்ட் டாலருக்கும் வட்டி இல்லை. ஒருவர் வைத்திருக்கும் தொகைக்கு வரம்பும் உண்டு. ரெப்போ வட்டியை ஏற்றியும் இறக்கியும் விலைவாசியை அடக்க முயலும் ரிசர்வ் பாங்கின் கொள்கை, பாங்குகளின் வட்டி வழியாகவே நம்மை வந்தடைகிறது. பாங்குகளில் டெபாசிட்டு வற்றினால் அவ்வழியும் தடுமாறும்.

நன்மையும் உண்டு. விதை, உரம் போன்றவற்றிற்கே செலவிடத்தக்கதாக மின் ரூபாயை அமைக்கலாம். நிலப்பத்திரம் காட்ட இயலாத குத்தகை விவசாயிகளுக்கு இம்முறையில் கடன் தரும் சோதனையை 2024-இல் ரிசர்வ் பாங்கு எடுத்துரைத்தது.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மக்களுக்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மின் ரூபாய் மடியிலுள்ள பணம் போன்றது; செலவுக்கு ஏற்றது. சேமிப்பு பாங்கில் இருப்பதே நன்று. அங்கே அது வட்டி ஈட்டும், ரூ.5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. அடுத்த வயலுக்குக் கடனாகவும் பாயும்.