பலகைக் கணினியும் அதன் துணைக் கருவிகளும்

மன்றத்தின் முதற் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பியர் இருவர் என்னிடம் வந்து, "அண்ணா, டேப்லெட் ஒன்று வாங்க வேண்டும். தில்லியில் எந்தக் கடையில் வாங்கலாம்?" என்று கேட்டனர். எந்தக் கடை என்பது கடைசிக் கேள்வி. வாங்கிய கருவியை எதனோடு இணைக்கப் போகிறோம் என்பதே முதற் கேள்வி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆதலால் விடையை நம் இதழிலேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

வீட்டிலிருந்து வந்த சீட்டுப் பணத்தில் நான் என் முதல் டேப்லெட்டை வாங்கினேன். கடைக்காரர் எல்லாக் கேள்விக்கும் "எல்லாம் ஓடும்" என்ற ஒரே விடையைத்தான் சொன்னார். ஆய்வேட்டை அளிக்கும் நாளன்று, படங்களும் அட்டவணைகளும் நிறைந்த என் உரையை அதில் ஏற்றிக்கொண்டு வகுப்பறைக்குச் சென்றேன். புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. கம்பியை ஓர் இணைப்பான் வழியாக டேப்லெட்டில் செருகினேன். திரை நீலமாகவே இருந்தது. எடுத்துச் செருகினேன், திருப்பிச் செருகினேன், அணைத்து மீண்டும் இயக்கினேன். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "படமில்லாமலே தொடங்குங்கள்" என்றார். மூன்று மாதங்கள் வரைந்த வரைபடங்களை வாயால் விவரித்து முடித்தேன். மதிப்பெண் எவ்வளவு என்று இங்கே சொல்லப்போவதில்லை!

நடந்தது என்ன? டைப்-சி என்று நாம் சொல்லும் அந்த முட்டை வடிவத் துளை 2014-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அதில் 24 தொடுமுனைகள் உண்டு. அவற்றுள் சில மின்சாரத்துக்கு. சில பழைய யு.எஸ்.பி. 2.0 முறையில் செய்தி கடத்துவதற்கு. வேறு சில இணைகள் அதிவேகத்துக்கு. படம் வெளியே செல்வது இந்த அதிவேக இணைகளின் வழியாகத்தான். மலிவு டேப்லெட்டுகள் பலவற்றில் மின்சார முனைகளையும் பழைய வேக முனைகளையும் மட்டும் உள்ளே இணைத்துவிட்டு, மற்றவற்றை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே துளை. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்றோ, வெளித்திரைக்குப் படம் தரும் என்றோ தெளிவாக எழுதியிருந்தாலன்றி, அது படம் தராது என்றே கொள்ளுங்கள்.

கம்பியிலும் இதே சிக்கல் உண்டு. பெட்டியில் வரும் சார்ஜ் கம்பி பெரும்பாலும் 2.0 வகை. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அடுத்த தலைமுறையின் தொடக்க வேகமோ நொடிக்கு 5 கிகாபிட். நான்கு கிகாபைட் காணொலி ஒன்றை மாற்ற, ஏட்டுக் கணக்குப்படி முதலாவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும், இரண்டாவதற்கு ஆறு ஏழு நொடியும் ஆகும். உண்மையில் இரண்டுமே இன்னும் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் விகிதம் புரிந்திருக்கும்.

கம்பியில்லாமல் படம் அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் அவ்வகைக் கருவிகளுட் சில, டேப்லெட்டும் திரையும் ஒரே வைஃபை வலையில் இருந்து ஒன்றையொன்று காண வேண்டும் என்று கேட்கும். வளாக வலைகளிலோ, பாதுகாப்புக் கருதி ஒரு மாணவரின் கருவி மற்றொன்றைக் காணாதபடி தடுத்து வைப்பதுண்டு. தேர்வு நாளில் கம்பியே துணை.

இனி இணைய இணைப்பு. வைஃபை மட்டும் உள்ளது, சிம் அட்டையும் ஏற்பது என டேப்லெட்டுகள் இரு வகை. இரண்டாவதற்கு விலை கூடுதல். விடுதியிலும் நூலகத்திலும் வைஃபை இருக்க, கையில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டும் இருக்க, பெரும்பாலோருக்கு முதல் வகையே போதும். களப்பணிக்குச் செல்லும் நிலவியல், புவியியல் மாணவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள வகைக்கு ஜி.பி.எஸ். கிடையாது, சிம் ஏற்கும் வகைக்குத்தான் உண்டு. வரைபடத்தில் தம் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டியவர்களுக்கு இது சிறு குறையன்று.

விடுதி அறையில் வைஃபை மெலிந்திருந்தால் டேப்லெட்டைத் திட்டாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். நம் பழைய கட்டடங்களின் சுவர்களோ கோட்டைச் சுவர்கள். எனவே இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கருவியை வாங்குங்கள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்குக் கருத்தரங்குக்குச் செல்பவர்கள் 'எடுரோம்' என்ற ஏற்பாட்டையும் அறிந்திருக்க வேண்டும். அதில் சேர்ந்த நிறுவனத்து மாணவர், சேர்ந்த வேறெந்த நிறுவனத்துக்குச் சென்றாலும், தம் சொந்தக் கல்லூரிப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே இணையலாம்.

2011-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே தில்லியில் 'ஆகாஷ்' என்னும் மலிவு டேப்லெட்டை மாணவர்களுக்கென்று நடுவண் அரசு வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை. விரலால் அழுத்தினால்தான் உணரும். நோக்கம் உயர்ந்தது, கருவிதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. விலை ஒன்றையே பார்த்து வாங்க நினைப்பவர்கள் அந்தக் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

துணைக் கருவிகளில் முதலாவது பேனா. ரப்பர் முனைப் பேனா எதிலும் எழுதும். ஆனால் அது விரலுக்கு ஒரு பதிலி, அவ்வளவே. அழுத்தத்தை உணரும் பேனாக்கள் அந்தந்தக் கருவிக்கே உரியவை. 2022-ஆம் ஆண்டு வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் டைப்-சி துளையுடன் வந்தது. அதற்கென்று அப்போது சொல்லப்பட்ட முதல் தலைமுறைப் பேனாவோ பழைய லைட்னிங் முனையுடையது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஓர் இணைப்பான் வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், வேறு வேறு நிறுவனப் பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது விசைப்பலகை. தமிழ் தட்டச்சிடுவோர், 1999-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு, புளூடூத் விசைப்பலகையிலும் இயங்குகிறதா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள். திரையில் தோன்றும் பலகையில் தமிழ் இருப்பதாலேயே வெளிப் பலகையிலும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சார்ஜரைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 8000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம், ஏறத்தாழ 3.85 வோல்ட்டில், சுமார் 31 வாட்-மணி ஆகிறது. 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் பழைய சார்ஜர் 10 வாட். ஆகவே இழப்புப் போக மூன்றரை மணி நேரமாவது ஆகும். 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 18 வாட், நேரம் பாதியாகும். டேப்லெட் எவ்வளவு வாட் ஏற்கும் என்று பார்த்து அந்த அளவுக்கு வாங்குங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

இப்போது தம்பியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேரு பிளேஸ், கரோல் பாக்கில் உள்ள கஃபார் மார்க்கெட், செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் என்று தில்லியில் இடங்களுக்குக் குறைவில்லை. டேப்லெட்டை நிறுவனத்தின் சொந்தக் கடையிலோ பெரிய கடையிலோ வாங்குங்கள். மாணவர் அடையாள அட்டைக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள். உறை, திரைக் கண்ணாடி, இணைப்பான் போன்றவற்றுக்கு நேரு பிளேஸ் போதும், பேரம் பேசலாம். சார்ஜரில் மட்டும் பேரம் வேண்டாம். டேப்லெட்டும் அதன் சார்ஜரும் இந்தியத் தர நிறுவனத்தில் கட்டாயமாகப் பதிவு பெற வேண்டியவை. பொருளின் மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கங்களும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால் யாருடைய பதிவு என்று காட்டிவிடும். சிம் ஏற்கும் பழைய டேப்லெட்டை வாங்குவோர் அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்க்காமல் பணம் தரக் கூடாது. திருட்டுப் பொருள் உங்கள் தலையில் விழும்.

"பில் இல்லாமல் என்றால் விலை குறையும்" என்பார்கள். டேப்லெட்டுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். ஆசை வரத்தான் செய்யும். என்றாலும் 'பக்கா பில்' என்று வற்புறுத்திக் கேளுங்கள். நான் அன்று பில் வாங்கவில்லை. அதனால் அந்தக் கடைக்காரரிடம் திரும்பிப் போனபோது அவர் என்னை அறியாதவர்போல் பார்த்தார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். தில்லியில் வாங்கிவிட்டுப் படிப்பு முடிந்து திருநெல்வேலிக்குத் திரும்பியவரும் அங்கிருந்தே கேட்கலாம். கையில் பில் இருந்தால்.

வரும் சனிக்கிழமை நான் நேரு பிளேஸுக்குச் செல்கிறேன். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் இரா. வர விரும்பும் தம்பியர் காலை பத்து மணிக்கு விடுதி வாயிலுக்கு வரலாம். என் எச்.டி.எம்.ஐ. இணைப்பானைக் கொண்டுவருகிறேன், கடைத் திரையில் படம் வந்த பிறகு பணத்தை எடுப்போம்.