கூட்டத்துக்குப் போனால்தான் ஆர்டரா?

தொழில் வளர நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாத ஆலோசகர் இல்லை. அந்த நாலு பேர் நானூறு விசிட்டிங் கார்டாகி மேசை டிராயரில் கிடந்தாலும் நம்பிக்கை மட்டும் அசைவதில்லை. ஆள் பலமுள்ள கம்பெனிக்கு அது சரி. ப்ரொப்ரைட்டர்ஷிப்புக்கோ சட்டத்தின் பார்வையில் உரிமையாளரைத் தவிர வேறு உருவமே கிடையாது. அவருடைய பான் எண்தான் தொழிலின் பான் எண், தொழிலில் கடன் விழுந்தால் அவருடைய வீடு வரை வரும். நேரத்துக்கும் அதே கதைதான். கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் தொழில் தொடர்புக் கூட்டத்துக்குப் போனாலும் கம்பெனியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறையில், முதல் பீஸை முதலாளி மைக்ரோமீட்டரில் பார்த்து ‘ஓகே’ சொன்னால்தான் மீதி ஓடும். அவர் காலைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் ஆபரேட்டர் டிராயிங்கைப் பார்த்தபடி இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கூட்டங்களுக்கு ஆகும் செலவைப் பார்ப்போம். இவான் மைஸ்னர் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ என்ற தொழில் தொடர்பு அமைப்பு, இன்று நம் ஊர்களிலும் பரவியிருக்கிறது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒரே உறுப்பினர், வாரம் ஒரு கூட்டம், இடையில் உறுப்பினர்களின் தனிச் சந்திப்புகள். போக்குவரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 4 மணி நேரம் என்று வைத்தால் 50 வாரத்தில் 200 மணி நேரம்; எட்டு மணி நேரக் கணக்கில் 25 வேலை நாள். சந்தாவை எல்லோரும் செலவில் எழுதுகிறார்கள். கூட்டத்தில் போன ஒரு மாத வேலையை யாரும் எழுதுவதில்லை.

‘புதுப் புது முகங்களைப் பார்த்தால்தான் புது வாய்ப்பு வரும்’ என்பதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையை. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புறநகரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தார். தகவல் தந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்ப்பவர்கள். நெருக்கமில்லாத உறவுதான் பலம் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த ‘அபூர்வமாகப் பார்ப்பவர்’ யார் என்று கட்டுரையிலேயே இருக்கிறது: பெரும்பாலும் பழைய கல்லூரித் தோழர், முன்பு கூட வேலை செய்தவர், பழைய முதலாளி. முன்பின் தெரியாதவர் அல்ல. அது சம்பள வேலை தேடியவர்கள் கதை, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர் வால்வு கம்பெனிக்கு மாறும்போது, சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுத்த பட்டறைக்காரரின் நம்பரும் அவர் போனில் கூடவே போகிறது. புது இடத்தில் ஷாஃப்ட் தேவைப்படும் அன்று அவருக்கு ஞாபகம் வருவது அந்த நம்பர்தான். போன வேலையை ஒழுங்காக முடித்ததே அங்கே அறிமுகம். தீபாவளிக்கு ஒரு போன் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்து போகாது. தவிர, கூட்டத்துக்குப் போனாலும் புது ஆளைப் பார்ப்போம் என்பது நிச்சயமில்லை. பால் இங்ரமும் மைக்கேல் மோரிஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்துறையினர் கலந்துகொண்ட ஒரு விருந்தில் யார் யாரோடு பேசினார்கள் என்பதை மின்னணுப் பெயர் அட்டையால் பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திக்க வந்ததாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்களோடுதான் நின்று பேசியிருந்தார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, தொடர்பு என்றாலே ஆர்டர் கொண்டுவரும் ஆள் என்று நினைப்பது. தனி ஆளின் தொழிலில் பாதி நாள் பிரச்சினை ஆர்டர் இல்லாதது அல்ல, வந்த ஆர்டரை முடிக்கக் கை போதாதது. அங்கே உதவுவது அடுத்த தெருவில் அதே வேலை செய்பவர். 300 பீஸ் கேட்ட இடத்தில் 200-ஐ நாம் ஓட்டி மீதியை அவரிடம் தள்ளலாம். பார்ட்டியின் சரக்கு ஒரு ஜாப் வொர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு சலானோடு போவதை ஜிஎஸ்டி விதிகளே அனுமதிக்கின்றன. எந்தப் பார்ட்டி 45 நாளில் பணம் தருவார், எவர் ஆறு மாதம் இழுப்பார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ‘ஒரு தொழிலுக்கு ஒருவர்’ என்ற குழுவில் இல்லாத ஒரே ஆளும் அவர்தான். அவர் நம் பார்ட்டியைக் கொத்திக்கொண்டு போய்விட்டால்? போவதுண்டு. சரக்கையும் டிராயிங்கையும் மட்டும் கொடுத்து, கடைசிச் செக்கிங்கையும் டெலிவரியையும் நம் கையில் வைத்துக்கொண்டால் அந்த அபாயம் குறையும். முடியாது என்று கைவிரித்தாலோ சொன்ன தேதியைத் தவறவிட்டாலோ பார்ட்டி வேறு இடம் தேடுவது அதைவிட நிச்சயம்.

அப்படியானால் வேலை நெருக்கும்போது எல்லாத் தொடர்பையும் நிறுத்திவிடலாமா? அதுவும் தப்பு. முதல் பேச்சுக்கும் முதல் ஆர்டருக்கும் நடுவே சாம்பிள், விலைப் பேச்சு, ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும். ஆடியில் நிறுத்தினால் அடி விழுவது தையில், அதுவும் கை காலியாக இருக்கும்போது. ஒரே பார்ட்டியை நம்பி ஓடும் பட்டறைக்கு இது இன்னும் ஆபத்து. அதனால் நேரத்தைக் குறைக்கலாம், பூஜ்யமாக்கக் கூடாது. வாரம் இரண்டு பழைய பார்ட்டிகளுக்குப் போன் போட அரை மணி நேரம் போதும். ஜிஎஸ்டிஆர்-3பி கட்டும் 20-ஆம் தேதியை ஒட்டி மட்டும் அதைத் தள்ளிப்போடலாம்.

பழைய பார்ட்டியே இல்லாத புதியவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவரிடம் நேரம் உண்டு, வேலை இல்லை. கோவையின் கொடிசியா தொழில் கண்காட்சியோ காலைக் கூட்டமோ, கிடைத்த இடமெல்லாம் போகட்டும். இன்டீரியர் டிசைனர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் போல ஒரு வாடிக்கையாளரிடம் அடுத்த வேலை வரப் பல வருடம் ஆகும் தொழில்களுக்கும், பிறர் கைகாட்டும் குழு எப்போதும் பயன்தான். மற்றவர்கள் ஒவ்வொரு பில்லின் மூலையிலும் இந்தப் பார்ட்டியை அனுப்பியது யார் என்று குறித்து வரலாம். சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் அந்தப் பில் கட்டைப் புரட்டினாலே, அடுத்த வருடம் எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று தெரிந்துவிடும்.