மின்மிதிவண்டியும் அதன் மூளையும்

மிதிவண்டி நமக்குப் புதியதன்று. அதன் சக்கரத்தின் நடுவே மோட்டாரைப் பொருத்தி, மின்சாரத்தால் ஓட்டும் மின்மிதிவண்டி இன்று நம் தெருக்களிலும் வலம் வருகிறது. பழைய சைக்கிளிலேயே மோட்டாரைப் பூட்டிக்கொள்வோரும் உண்டு. மோட்டாரை ஒரு கடையிலும், அதை இயக்கும் கண்ட்ரோலரை வேறு கடையிலும் வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகுமா? நாம் படித்த மின்னியல் பாடத்தைக் கொண்டே இதை ஆராய்வோம், தோழியரே!

சக்கர மோட்டாரின் கம்பிச் சுருள்கள் மூன்று தொகுதிகளாக அமைந்துள்ளன. எந்தத் தொகுதிக்கு எப்போது மின்னோட்டம் செல்லவேண்டும் என முடிவுசெய்து, நொடிக்குப் பலமுறை மாற்றிவிடுவது கண்ட்ரோலரின் வேலை. சுழலும் காந்தங்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை மூன்று ஹால் உணரிகள் அதற்கு அறிவிக்கின்றன. எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1879இல் கண்டறிந்த விளைவே இவ்வுணரிகளுக்கு அடிப்படை. ஆகவே கண்ட்ரோலரை வண்டியின் மூளை எனலாம்.

முதலில் பார்க்கவேண்டியது மின்னழுத்தம். மோட்டாரின் வேகம் இதைப் பொறுத்தது. 36 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 2.07 மீட்டர் என்றால், வேகம் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதற்கே 48 வோல்ட் கொடுத்தால் வேகம் 33 கிலோமீட்டர் ஆகிவிடும். மேலும், 48 வோல்ட் எனப்படும் 13 வரிசை லித்தியம் பாட்டரி முழுதும் சார்ஜ் ஏறியதும் 54.6 வோல்ட் காட்டும். கண்ட்ரோலரின் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் 50 வோல்ட் மட்டுமே தாங்குவனவாயின் என்ன ஆகும்? அவை பழுதாகிவிடும்.

இரண்டாவது மின்னோட்டம். 250 வாட்டை 36 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7 ஆம்பியர் வரும். மேட்டில் ஏறவும் நின்ற வண்டியைக் கிளப்பவும் சற்றுக் கூடுதல் தேவை. 15 ஆம்பியர் வரை சிறிது நேரம் தரும் கண்ட்ரோலர் போதுமானது. 'இன்னும் விசை வேண்டும்' என்று 30 ஆம்பியர் கண்ட்ரோலரைப் பூட்டினால், மின்னோட்டம் இருமடங்காகும்போது சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மூடிய மோட்டாருக்குள் அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. சுருளின் காப்புப் பூச்சு கருகும், உணரிகளும் கெடும். பாட்டரியின் காப்புச் சுற்று தாங்காமல் மின்சாரத்தைத் துண்டித்தால் நடுச்சாலையில் வண்டி விசையிழக்கும். பின்னால் பேருந்து வரும் வேளையில் அது எத்தனை ஆபத்து! காப்புச் சுற்றே இல்லாத பாட்டரியோ தீப்பற்றவும் கூடும்.

மூன்றாவது கம்பிகளின் வரிசை. தடித்த கம்பிகள் மூன்றையும் ஆறு விதமாக இணைக்கலாம். நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. நிறமுறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். சக்கரத்தைத் தரையில் படாதபடி உயர்த்தி நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும். சரியான வரிசையில் சக்கரம் ஓசையின்றிச் சீராகச் சுழலும். உறுமினாலோ உதறினாலோ உடனே நிறுத்தி வரிசையை மாற்றவேண்டும். சீராகச் சுழன்றும் பின்னோக்கிச் சென்றால், உணரிக் கம்பிகளில் இரண்டை மாற்றியபின் தடித்த கம்பிகளை மீண்டும் சரிபார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பியைத் தொடுமுன் பாட்டரியைக் கழற்றிவிடுதல் அவசியம்.

நான்காவது பிரேக். கைப்பிடியை அழுத்தியதும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் நிற்கும்படி ஒரு சுவிட்ச் உண்டு. அது கண்ட்ரோலரில் இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்காமல் சாலையில் இறங்குதல் தகாது.

சட்டத்தையும் நாம் மறத்தலாகாது. நம் நாட்டில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்வண்டியே, மற்ற விதிகளுக்கும் இணங்கினால், மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. கண்ட்ரோலரை மாற்றி இவ்வெல்லையைத் தாண்டினால் பதிவு, உரிமம், காப்பீடு ஆகிய கடமைகள் வந்துசேரும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். மோட்டார், பாட்டரி, கண்ட்ரோலர் மூன்றின்மேலும் எழுதியுள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். ஓம் விதியைத் தேர்வுக்காக மட்டும் படியாமல், வீட்டில் அண்ணனோ தந்தையோ இத்தகைய வண்டியை அமைக்கும்போது அருகிருந்து கணக்கிட்டுச் சொல்வோமாக! நாம் கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமானால், அதைவிடச் சிறந்த மதிப்பெண் வேறேது?