கை கழுவும் ஒரு நிமிஷமும் ஆறெழுத்தும்



தம்பி தங்கைகளே, இன்றைய பாடம் அடுத்தவங்களைப் பார்த்துக்கிறதையே வேலையா வெச்சிருக்கிறவங்களுக்கு. நர்ஸ், வார்டு ஆயா, 108 வண்டியில் போறவங்க, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும்தான். வீட்டில் படுத்த படுக்கையா இருக்கிற அப்பத்தாவைப் பார்த்துக்கிற பேத்தியும் இதில் சேர்த்தி.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்க வேலையில் ரொம்பக் கஷ்டமான இடம், ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் உள்ள நாலு எட்டுதான். 4ஆம் கட்டிலில் ஒரு பாட்டி உயிர் பிரிஞ்சிருக்கும், மகள் அழுதுட்டிருப்பாங்க. 5ஆம் கட்டிலில் ஒரு குழந்தைக்கு ஊசி போடணும். உடம்பு 5க்கு வந்துரும், மனசு 4லயே நிக்கும். இது சேரச் சேர அலுப்பு வரும், எரிச்சல் வரும், கடைசியில் மனசு மரத்துப் போகும். வேலை அழுத்தம் தீராமல் சேர்ந்து வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘வேலை சார்ந்த நிலை’ என்று வகைப்படுத்தியது. அதனால் ‘எனக்குத்தான் மனசுல தெம்பு இல்ல’ன்னு யாரும் தலை குனிய வேண்டாம்.

இதற்கு இப்போது நிறைய ஆஸ்பத்திரிகளில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ சொல்லித் தர்றாங்க. இந்த நிமிஷம் நடக்கிறதை, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கிறதுதான் அது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் இதை நோயாளிகளுக்கான பயிற்சியாக ஆரம்பித்தார்.

கவனம் என்றால் என்னன்னு காட்ட நம்ம கரிசல் சீமையிலேயே ஒருத்தர் பிறந்திருக்கார். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30இல் பிறந்த ரமண மகரிஷி. காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனின் அவதாரமாகவே கண்டார். 1922 மே 19, அவருடைய தாயார் அழகம்மாளின் கடைசி நாள். ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்து, உயிர் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து, மற்றவர்களோடு சாப்பிட்டார்.

இதில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. இருக்கும்போது முழுசா இருக்கணும். முடிஞ்சதும் எழுந்திருக்கணும், சாப்பிடணும். ரெண்டாவதைத்தான் நாம பெரும்பாலும் விட்டுடுறோம்.

சரி, வார்டில் தியானத்துக்கு நேரம் ஏது? தனியா நேரம் தேட வேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கை கழுவித்தானே ஆகணும். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகணும்னு விதி. தேய்க்கும் நிலைகள் ஆறு. நம்ம அப்பன் மந்திரமும் ஆறெழுத்து!

ச – உள்ளங்கை
ர – புறங்கை
வ – விரல் இடுக்கு
ண – மடக்கிய விரல்களின் பின்புறம்
ப – கட்டைவிரல்
வ – விரல் நுனி

ஒவ்வொரு எழுத்தையும் மனசுக்குள் மெதுவா சொல்லுங்க, தண்ணியின் குளிர்ச்சியைக் கவனிங்க. பாட்டி முகம் ஞாபகம் வந்தால் விரட்டாதீங்க. ‘வருத்தம் இருக்கு’ன்னு பேர் சொல்லிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்க. கையைத் துடைச்சதும் ஒரு மூச்சு முழுசா விடுங்க. அப்புறம் 5ஆம் கட்டில் குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அழுகை வந்தால் அதுவும் தப்பில்ல. இதைச் செய்யத் தொடங்கினபிறகு, வீட்டுக்குப் போற பஸ்ஸில் என்னால ஜன்னலுக்கு வெளியே கண்மாயைப் பார்த்துட்டு வர முடியுது.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுறேன். ஆள் பத்தாமல் ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறவங்களுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் தீர்வாகாது. அவங்களுக்கு லீவும் தூக்கமும் வேணும். அதைக் கேட்கிறது பக்திக்கு விரோதம் இல்ல. நாள்கணக்கா தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கலைன்னு தோணினால் 14416க்கு போன் பண்ணுங்க. அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண்.

இன்னைக்கு ஒரே ஒரு தடவை செஞ்சு பாருங்க. நைட் டூட்டியில் இருக்கிற ஒரு தோழிக்கு இதை அனுப்புங்க.

முருகா சரணம்!